வேர் நிறைந்துவிட்டால்...

லினக்ஸ் ஓடும் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயரைத் தட்டுகிறீர்கள், கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். திரை ஒரு கணம் கறுக்கிறது. மறுகணம் அதே நுழைவுத் திரை திரும்ப வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்றால் தவறு என்று சொல்லியிருக்கும். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் தட்டினாலும் அதே கதைதான். "வைரஸ்" என்பார் ஒருவர். "வட்டு போய்விட்டது" என்பார் இன்னொருவர். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம்" என்று மூன்றாமவர் கிளம்புவார். அந்த மூன்றாமவரை எப்படியாவது பிடித்து நிறுத்துங்கள்!

இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முதலில் ஐயப்பட வேண்டிய ஒன்று உண்டு. வட்டில் வேர்ப் பிரிவு என்று ஒரு பகுதி இருக்கிறது. அது முழுதும் நிறைந்து போயிருக்கலாம். நீங்கள் உள்ளே நுழையும்போது, "இவர் இன்னார்தான்" என்பதற்கு அடையாளமாகச் சில பைட்டுகள் கொண்ட ஒரு சிறு கோப்பை இயக்க முறைமை எழுதிவைக்க வேண்டும். அந்தச் சில பைட்டுகளுக்கும் இடமில்லை. ஆகவே நுழைந்த வேகத்தில் உங்களை வெளியே அனுப்பிவிடுகிறது.

இது வெறும் தொல்லையோடு போவதில்லை. நீங்கள் ஒரு மாதமாகத் தட்டெழுதிய கட்டுரையைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, சேமிக்கச் சொல்கிறீர்கள். சில நிரல்கள் என்ன செய்கின்றன தெரியுமா? முதலில் பழைய கோப்பைக் காலி செய்கின்றன. பிறகு புதியதை எழுதத் தொடங்குகின்றன. எழுத இடமில்லை என்றால்? பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கோப்பின் அளவு 0 பைட் என்று நிற்கும். நன்றாக எழுதப்பட்ட நிரல்கள் புதியதை வேறொரு பெயரில் முழுதாக எழுதி முடித்த பின்னரே பழையதன் இடத்தில் வைக்கும். உங்கள் நிரல் எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாது அல்லவா? ஆகவே வட்டு நிறைந்திருக்கும் ஐயம் வந்தால் திறந்திருக்கும் வேலையை ஒரு பென்டிரைவில் வேறு பெயரில் சேமித்துவிட்டு, அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

ஒற்றைச் சாய்கோடு

வேர் என்பது என்ன? விண்டோஸ் கணிப்பொறியில் 'சி', 'டி' என்று தனித்தனி எழுத்துகளாக வட்டுகள் தெரியும். யுனிக்ஸ் வகை முறைமைகளில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே மரம். ஃபோல்டர் என்று நீங்கள் சொல்லும் அடைவுகள் கிளைகள், கோப்புகள் இலைகள். மரத்தின் தொடக்கத்துக்கு வேர் என்று பெயர். அதை ஒற்றைச் சாய்கோட்டால் குறிப்பார்கள். ஒரு பென்டிரைவைச் செருகினால்கூட அது இந்த மரத்தில் ஏதோ ஒரு கிளையின் நுனியில் ஒட்டுப் போடப்படுகிறதே தவிர, தனி மரமாக நிற்பதில்லை. இப்படி ஒட்டுப் போடுவதைப் பொருத்துதல் என்பார்கள்.

இந்த ஏற்பாடு பழையது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் 1969-இல் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் 1974-ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் ஆய்விதழில் தங்கள் முறைமையை விளக்கி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அப்போது அவர்களிடம் இருந்த பிடிபி-11 இயந்திரத்தின் வேர் அடைவு ஒரு சிறிய வட்டில் இருந்தது. அந்த வட்டின் கொள்ளளவு 1 மெகாபைட்! பயனர்களின் கோப்புகள் 40 மெகாபைட் கொண்ட பெரிய வட்டில் இருந்தன. இயந்திரம் தொடங்கும்போது அந்தப் பெரிய வட்டு வேரோடு பொருத்தப்படும். இன்று கைப்பேசியில் நீங்கள் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த வேர் வட்டில் அடங்காது. ஆனால் வேரையும் பயனர் கோப்புகளையும் பிரித்து வைத்த அறிவு இன்றும் அப்படியே பயன்படுகிறது.

இயந்திரம் உயிர் பெறும்போது முதலில் பொருத்தப்படுவது வேர்தான். மற்றவை எல்லாம் அதன் மேல் பின்னர் வந்து ஒட்டிக்கொள்பவை. முறைமையின் நிரல்கள், அமைப்புக் கோப்புகள் ஆகியவை வேர்ப் பிரிவில் இருக்கும். பல வீட்டுக் கணிப்பொறிகளில் பதிவுக் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும், ஏன் உங்கள் சொந்தக் கோப்புகளும்கூட அதிலேயே இருக்கும். எனவே வேர் நிறைந்தால் அச்சு வரிசை நிற்கும். தரவுத்தளம் எழுத மறுக்கும். புதுப்பித்தல் பாதியில் தொங்கும். எல்லாம் ஒரே நாளில் கெட்டதுபோல் தோன்றும். கெட்டது ஒன்றே ஒன்றுதான்.

லினக்ஸ் நமக்கு எட்டாத பொருள் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கரு லினக்ஸ்தான். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் அண்ணன், அக்காமார் பெற்ற கணிப்பொறிகள் பலவற்றில் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது.

யார் நிரப்பியது?

திரும்பத் திரும்ப நுழைவுத் திரையே வருகிறது என்றோம். உள்ளே போவது எப்படி? கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளோடு எஃப்3 விசையையும் சேர்த்து அழுத்தினால், படங்கள் இல்லாத, எழுத்து மட்டும் உள்ள நுழைவுத் திரை பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு வட்டில் எழுதும் தேவை மிகக் குறைவு. அதிலும் முடியவில்லை என்றால், பென்டிரைவிலிருந்து ஓடும் வேறொரு லினக்ஸைக் கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, உள் வட்டை வெளியிலிருந்து பார்க்கலாம்.

இப்போது ஆங்கிலத்தில் டி, எஃப் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் எச் என்ற எழுத்தும் சேர்த்தால் எண்கள் ஜிகாபைட்டில் தெரியும். பொருத்தப்பட்ட ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி வரும்: மொத்தம் எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று. சாய்கோடு மட்டும் உள்ள வரிதான் வேர். அதில் 100% என்று இருந்தால் நோய் உறுதியாகிவிட்டது.

கணக்கில் புலியாக உள்ளவர்கள் அங்கே ஒன்றைக் கவனிப்பீர்கள். மொத்தம் 20 ஜிகாபைட், செலவு 19, இருப்பு 0 என்று காட்டும். மீதி 1 எங்கே? அது காணாமல் போகவில்லை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை நிருவாகிக்கென்று ஒதுக்கி வைக்கிறது. நெல் குதிர் காலியானாலும் விதைநெல்லைத் தொடாமல் வைப்பது போல! மற்றவர்கள் நிரப்பிவிட்டாலும் நிருவாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த 1 ஜிகாபைட் உதவும். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1984-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்கள் வேகமான கோப்பு முறைமையைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், வட்டில் 10 விழுக்காடு இடத்தை எப்போதும் காலியாக வைக்க வேண்டும் என்றார்கள். சுழலும் வட்டில் காலியிடம் அருகிவிட்டால், ஒரே கோப்பின் துண்டுகள் வட்டின் நாலா பக்கமும் சிதறும்; படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடியே நேரம் கழியும். இயக்கவியல் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நோய் தெரிந்தது. நோய்க்கு இடம் எது? அதற்கு டி, யு என்ற இரண்டெழுத்துக் கட்டளை. இது மரத்தில் ஏறி, ஒவ்வொரு கிளையிலும் உள்ள கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும். வேரிலிருந்து தொடங்கி, முதல் மட்டத்தில் எந்தக் கிளை பெரியது என்று பாருங்கள். அந்தக் கிளைக்குள் எது பெரியது என்று பாருங்கள். இப்படி நான்கைந்து படி இறங்கினால் குற்றவாளியின் வாசலுக்கே போய்விடலாம். மின்சுற்றில் பழுது தேடும்போது பாதி பாதியாகச் சோதித்துக்கொண்டு போவோமே, அதே வழிதான். ஒன்றை மறக்க வேண்டாம்: எக்ஸ் என்ற எழுத்தையும் கட்டளையோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேரோடு ஒட்டியிருக்கும் மற்ற வட்டுகளையும் சேர்த்து எண்ணி நம்மைக் குழப்பும்.

பெரும்பாலும் 'வார்' என்ற அடைவில் போய் நிற்பீர்கள். மாறும் இயல்புள்ள கோப்புகள் அங்கேதான் வாழ்கின்றன. அவற்றுள் பதிவுக் கோப்புகள் முக்கியமானவை. ஒவ்வொரு நிரலும் தான் செய்ததை வரி வரியாக அங்கே எழுதி வைக்கும். ஏதோ ஒரு கருவி கெட்டு, ஒரு நிரல் அதே பிழைச் செய்தியை நொடிக்கு 1,000 தடவை எழுதத் தொடங்குகிறது என்று கொள்வோம். ஒரு வரிக்கு 100 பைட். நொடிக்கு 1,00,000 பைட். ஒரு நாளில் 86,400 நொடிகள். பெருக்கிப் பாருங்கள்: 864 கோடி பைட், அதாவது 8.64 ஜிகாபைட். காலையில் பாதி காலியாக இருந்த 20 ஜிகாபைட் வேர், மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் கழுத்து வரை நிறைந்திருக்கும். பழைய பதிவுகளைச் சுருட்டிக் கழிப்பதற்கென்று நிரல்கள் உண்டு. ஆனால் அவை நாளுக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று ஓடுபவை. ஒரே நாளில் வரும் வெள்ளத்தை அவை தாங்குவதில்லை.

அழித்தும் இடம் வராதது ஏன்?

அந்த 8.64 ஜிகாபைட் கோப்பை அழித்துவிட்டீர்கள். டி-எஃப் கட்டளையைப் போட்டால் இன்னும் 100%! டி-யு கட்டளையோ கோப்பு இல்லை, இடம் குறைந்துவிட்டது என்கிறது. இரண்டு கட்டளைகளும் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

இரண்டும் உண்மையே சொல்கின்றன. யுனிக்ஸின் மிக அழகான கருத்து ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. நூலின் பெயர் எழுதிய அட்டைகள் தனியே ஒரு பெட்டியில் இருக்கும். அட்டையைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்போம். எண்ணைக் கொண்டு நூலை எடுப்போம். யுனிக்ஸிலும் அடைவு என்பது அட்டைப் பெட்டிதான். அதில் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு ஏட்டுக்கு ஐநோடு என்று பெயர். கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் ஐநோட்டில்தான் எழுதியிருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது!

கோப்பை அழிப்பது என்றால், உண்மையில் நாம் செய்வது அட்டையைக் கிழிப்பது மட்டுமே. அந்த ஐநோட்டுக்கு வேறு அட்டை எதுவும் இல்லை, அதை எந்த நிரலும் திறந்து வைத்திருக்கவில்லை என்ற இரண்டும் நிறைவேறினால்தான் கட்டங்கள் விடுபடும். நூலகத்தில் ஒருவர் நூலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அட்டையைக் கிழித்துவிட்டீர்கள். அட்டைகளை எண்ணுபவருக்கு நூல் இல்லை. அலமாரியின் இடத்தைக் காப்பவருக்கு நூல் இருக்கிறது. டி-யு அட்டைகளை எண்ணுகிறது. டி-எஃப் கட்டங்களை எண்ணுகிறது. பிழைச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால் 8.64 ஜிகாபைட்டும் ஒரே மூச்சில் திரும்பி வரும். அல்லது முதலிலேயே கோப்பை அழிக்காமல், அதன் நீளத்தைச் சுழியாக்கிக் காலி செய்திருக்கலாம்.

இரண்டு கட்டளைகளும் முரண்படும் இன்னொரு சூழ்நிலையும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பழகியவர்களுக்கும் நேரம் ஆகும். ஒரு வெளி வட்டுக்கு இரவுதோறும் நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் அந்த வட்டின் கம்பி கழன்றிருக்கிறது. நகல் நிரலுக்கு அது தெரியாது. வட்டு பொருத்தப்பட வேண்டிய வெற்று அடைவு வேரில் அப்படியே இருக்கிறது. அதற்குள் எழுதித் தள்ளிவிடுகிறது. மறுநாள் யாரோ கம்பியைச் செருகுகிறார்கள். வெளி வட்டு அந்த அடைவின் மேல் வந்து பொருந்துகிறது. முதல் நாள் எழுதியதெல்லாம் அதன் அடியில், பாய்க்கடியில் பெருக்கித் தள்ளிய குப்பைபோல் மறைந்துவிடுகிறது. டி-யு எங்கு தேடியும் அகப்படாது. வட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் பாய்க்கடியில் இருப்பது தெரியும்.

இடம் இருக்கிறது, ஆனால் இடமில்லை

ஐநோடு பற்றிச் சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்ட்4 வட்டை முதன்முதலில் வடிவமைக்கும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. 20 ஜிகாபைட் பிரிவில் 13,10,720 ஐநோடுகள் இருக்கும். பிறகு கூட்ட முடியாது. ஒரு கோப்புக்கு ஓர் ஐநோடு கட்டாயம் வேண்டும். கோப்பு சிறியதா பெரியதா என்பதல்ல கேள்வி.

ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சூரிய வெப்ப நீர்த்தொட்டியின் வெப்பநிலையை அளக்க மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவர் ஓர் உணர்வியைக் கணிப்பொறியோடு இணைத்தார்கள். நொடிக்கு ஓர் அளவீடு. ஒவ்வோர் அளவீட்டையும் நாளும் நேரமும் பெயராகக் கொண்ட தனிக் கோப்பில் சேமித்தார்கள். கோப்புக்குள் 41.6 என்பதுபோல் ஒரே ஓர் எண். பன்னிரண்டாம் நாள் பிற்பகல் கணிப்பொறி நின்றுவிட்டது. இடமில்லை என்றது. டி-எஃப் பார்த்தால் 6 ஜிகாபைட்டுக்கு மேல் காலி! இடம் இருக்கும்போது இடமில்லை என்றால் வட்டு பழுது என்றுதான் பொருள், வடிவமைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பன்னிரண்டு நாள் அளவீடும் அதிலேதான் இருந்தது. வேறு நகல் இல்லை. அந்த வாரம் போல வெயில் மறுபடி அமையவேண்டும் என்று சூரியனிடம் விண்ணப்பிக்க முடியுமா?

டி-எஃப் கட்டளையோடு ஐ என்ற எழுத்தைச் சேர்த்தபோது விடை வந்தது. ஐநோடு செலவு 100%. கணக்கு எளிது: முறைமையின் கோப்புகளே மூன்று இலட்சம் ஐநோடுகளை எடுத்துக்கொண்டிருந்தன. மீதி சுமார் பத்து இலட்சம். நாளுக்கு 86,400 கோப்புகள் என்றால் பதினொன்றே முக்கால் நாளில் தீர்ந்துவிடும். அதோடு, ஐந்து பைட்கூட இல்லாத ஒவ்வோர் அளவீடும் 4,096 பைட் கொண்ட ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரே ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து போவதுபோல! கட்டங்களில் நிருவாகிக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்றோமே, ஐநோடுகளில் அந்த ஒதுக்கீடும் இல்லை. அவை தீர்ந்தால் நிருவாகியாலும் ஒரு புதுக் கோப்பு உண்டாக்க முடியாது.

தீர்வு இப்படி அமைந்தது. பத்து இலட்சம் கோப்புகளையும் ஒரே கட்டாக்கி, வேரில் அல்ல, பென்டிரைவில் எழுதினார்கள். கட்டின் அளவு 1 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். அதை வேறொரு கணிப்பொறியில் பிரித்து, எண்ணிக்கை சரிதானா, உள்ளே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அதன் பின்னரே அழித்தல். 'எல்லாவற்றையும் அழி' என்ற வழக்கமான கட்டளை அங்கே செல்லவில்லை. பெயர்ப் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் 'ஃபைண்ட்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. பிறகு மாணவிகள் தங்கள் நிரலில் மாற்றியது இரண்டே வரிகள். நாளுக்கு ஒரே கோப்பு. நொடிக்கு ஒரு வரி. வரிக்கு 25 பைட் என்றால் நாளுக்கு 2.16 மெகாபைட். ஆண்டு முழுதும் அளந்தாலும் 800 மெகாபைட்டைத் தாண்டாது.

செவ்வாயில் இதே கதை

இதற்கு நெருங்கிய உறவான ஒரு கோளாறு, ஒரு முறை வேற்றுக் கோளில் நடந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரி 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. ஜனவரி 21-இல் அது ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. அதன் கணிப்பொறியில் இருந்தது யுனிக்ஸ் அல்ல. விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயக்க முறைமை. ஆனால் கோப்புகள் கோப்புகள்தானே! 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் படங்களும் அளவீடுகளும், ஏழு மாதப் பயணத்தின்போது சேர்ந்த பழைய கோப்புகளும் குவிந்திருந்தன. அந்தக் கோப்புகளின் அட்டவணையைக் கணிப்பொறி தன் வேலை நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்புகள் பெருகப் பெருக அட்டவணையும் பெருத்தது. கோப்பை அழித்தாலும் அட்டவணை சுருங்கவில்லை. ஒரு நாள் வேலை நினைவகத்தில் அதற்கு இடம் போதவில்லை. கணிப்பொறி தன்னைத்தானே நிறுத்தித் தொடங்கிற்று. தொடங்கியதும் முதல் வேலையாக அதே அட்டவணையைப் படிக்க முயன்றது, மறுபடி விழுந்தது. இப்படி அறுபது தடவைக்கு மேல்! இரவில் தூங்க வேண்டிய ஊர்தி தூங்காமல் மின்கலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. மின்கலம் தீர்ந்தால் செவ்வாயின் குளிரில் அதன் கதை முடிந்திருக்கும்.

அங்கே போய் எஃப்3 விசையை அழுத்துவார் யார்? கட்டளை போய்ச் சேரவே சுமார் 10 நிமிடம். பொறியாளர்கள் செய்தது நாம் பென்டிரைவிலிருந்து தொடங்குவதைப் போன்ற வேலைதான். ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே தொடங்கும்படி ஒரு கட்டளையை அனுப்பினார்கள். நல்ல வேளையாக, அப்படி ஒரு வழியை முன்பே நிரலில் வைத்திருந்தார்கள். ஊர்தி நிலைக்கு வந்தது. பழைய கோப்புகளை அழித்தார்கள். பின்னர் ஃபிளாஷையே புதிதாக வடிவமைத்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கென்று திட்டமிடப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது.

எதை எடுக்கலாம்?

பூமிக்குத் திரும்புவோம். இடம் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கண்டதையும் அழிப்பது, நிறைந்த வட்டைவிட ஆபத்தானது. கட்டளை வரியில் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். மாறாக, சுட்டியால் படத்திரையில் அழித்தால் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியும் பெரும்பாலும் அதே வட்டில்தான் இருக்கிறது! தொட்டியைக் காலி செய்யும் வரை ஒரு பைட்டும் மிஞ்சாது. இதனால் ஏமாந்தவர் பலர்.

அச்சமின்றி முதலில் கைவைக்கத் தக்கது, மென்பொருள்களை நிறுவியபின் மிஞ்சிக் கிடக்கும் பொதிகளின் சேமிப்பு. தேவைப்பட்டால் வலையிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அதைத் துடைக்க உங்கள் லினக்ஸின் மென்பொருள் மேலாளரிடமே கட்டளை உண்டு. அடுத்தது பழைய பதிவுகள். ஆனால் எந்தப் பதிவு வெள்ளமாகப் பெருகியதோ, அதன் கடைசிச் சில வரிகளைப் படித்துவிட்டு அழியுங்கள். எந்தக் கருவி கெட்டது என்று அந்த வரிகள்தான் சொல்லும். காரணத்தை விட்டுவிட்டு இடத்தை மட்டும் பிடித்தால் நாளைக்கு மறுபடி 8.64 ஜிகாபைட். புதுப்பித்தலின்போது சேர்ந்துவிட்ட பழைய கருக்களையும் நீக்கலாம். கையால் அழிக்காமல் மென்பொருள் மேலாளர் வழியாகவே செய்ய வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருவை ஒருபோதும் தொடக்கூடாது.

'லிப்', 'பின்', 'எட்சி' என்ற பெயருள்ள அடைவுகளில் என்ன இருக்கிறது என்று புரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பெரியதாகத் தெரிகிறது என்பது குற்றமல்ல.

புதிதாக நிறுவும் வாய்ப்பு வந்தால், பயனர் கோப்புகளுக்கு வேரிலிருந்து தனியே ஒரு பிரிவு கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் நெரிசலும் மறு பக்கம் வெற்றிடமுமாகப் போகும் என்பார்கள், அதுவும் நியாயமே. ஆனால் பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணிப்பொறியில், ஒரு மாணவன் இறக்கிய திரைப்படங்களால் எல்லாரும் வெளியே நிற்பதைவிட அந்த வெற்றிடம் பரவாயில்லை.

செய்து பாருங்கள்

லினக்ஸில் ஒரு வேடிக்கையான பொய்க் கருவி இருக்கிறது. 'டெவ்' என்ற அடைவில் 'ஃபுல்' என்ற பெயரில் கிடக்கும். அதில் எதை எழுதினாலும், "கருவியில் இடமில்லை" என்ற பிழையே எப்போதும் திரும்பி வரும். பிழைகளின் பட்டியலில் அதன் எண் 28. 'எக்கோ' கட்டளையால் உங்கள் பெயரை அதற்குள் அனுப்பிப் பாருங்கள். வட்டுக்கு எந்தத் தீங்கும் நேராது. நீங்கள் எழுதிய நிரல், வட்டு நிறைந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இன்னொரு சோதனைக்கு ஆசிரியரின் துணையும் நிருவாகி உரிமையும் வேண்டும். 10 மெகாபைட்டில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி, அதையே ஒரு வட்டு என்று பாவித்து எக்ஸ்ட்4 முறையில் வடிவமையுங்கள். பின்னர் ஒரு வெற்று அடைவில் பொருத்துங்கள். டி-எஃப் கட்டளையோடு ஐ சேர்த்துப் பார்த்தால் 2,560 ஐநோடுகள் என்று காட்டும். சிறு வட்டு என்பதால் இங்கே 4,096 பைட்டுக்கு ஒன்று வீதம் அமைகிறது. இப்போது உள்ளே எதுவும் எழுதாத, 0 பைட் கோப்புகளாக ஒவ்வொன்றாக உண்டாக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டுங்கள். 2,549 கோப்புகள் வரை சிக்கல் இருக்காது. அடுத்ததற்கு இடமில்லை என்று வரும். ஒரு பைட் தரவும் எழுதாமலே ஒரு வட்டை நிரப்பிவிட்டீர்கள்!

2,560-இல் 2,549 போக மீதி 11 என்ன ஆயிற்று? முதல் பத்து எண்களைக் கோப்பு முறைமை தனக்கென்று வைத்துக்கொள்கிறது. பதினொன்றாவது, வட்டில் பெயரிழந்து அகப்படும் கோப்புகளைப் போட்டு வைக்க அதுவே உண்டாக்கும் ஓர் அடைவுக்குரியது. அந்தப் பத்தில் இரண்டாவதை உங்கள் கணிப்பொறியிலேயே பார்க்கலாம். வேர் எக்ஸ்ட்4 ஆக இருந்தால், எல், எஸ் என்ற கட்டளையோடு ஐ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்து, ஒற்றைச் சாய்கோட்டின் ஐநோடு எண்ணைக் கேளுங்கள். 2 என்று விடை வரும்.